தவணைநாயகம்

எல்லாத் தெருவிலும் ஒரு தவணைநாயகம் உண்டு. ஆதார் அட்டையில் பெயர் வேறாக இருக்கும். அது வங்கிக்காரர்கள் கவலை.

அவர் யாரையும் ஏமாற்றுகிறவர் அல்லர். வாங்கிய கடனை நாணயமாகத் திருப்பிக் கொடுப்பார், வேறொரு கடன் வாங்கி.

கல்லூரி நாளில் டீக்கடை நோட்டில் அவருக்குத் தனிப் பக்கம். கைமாத்து கேட்கும்போது, “ஒண்ணாந்தேதி குடுத்துடறேன் மச்சான்” என்பார். எந்த மாதத்து ஒண்ணாந்தேதி என்று ஒருவனும் கேட்டதில்லை.

வேலை கிடைத்ததும் கிரெடிட் கார்டு வந்தது. பில்லின் ஓரத்தில் ‘மினிமம் டியூ’ என்று ஒரு குட்டித் தொகையைப் பார்த்த அன்று அவருக்கு ஞானம் பிறந்தது. இருபதாயிரத்துக்குச் செலவழித்துவிட்டு ஆயிரம் கட்டினால் போதுமாமே! மீதிக்கு மாதம் மூன்றரை சதவிகிதம் ஏறியது. தெருமுனை ஃபைனான்ஸ்காரர் மூணரை வட்டி கேட்டிருந்தால், “கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லயே வந்தாச்சு, தெரியுமா?” என்று மல்லுக்கு நின்றிருப்பார். ஏ.சி. அறையில் ‘சார்’ போட்டுக் கேட்டதால் பேசாமல் கட்டினார். வருடத்துக்கு 42 சதவிகிதம் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் பின்னால் வந்த மனைவி.

மனைவியோடு நகையும் வந்தது. அது கழுத்தில் இருந்த நாளைவிட வங்கிப் பெட்டகத்தில் இருந்த நாள்தான் அதிகம். நெருங்கிய உறவில் கல்யாணம் என்றால் திருப்பிக்கொண்டு வருவார்கள். மொய் எழுதி, சாப்பிட்டுக் கைகழுவிய ஈரம் காய்வதற்குள் ஆரம் பழைய இடத்துக்கே போய்விடும். நகையைத் திருப்ப ஏலச்சீட்டைத் தள்ளி எடுப்பார். சீட்டுக் கட்டப் பெர்சனல் லோன். அந்த லோன் தவணைக்கு மறுபடியும் நகை. எது முதல், எது முடிவு என்று ஒருநாள் தாளில் அம்புக்குறி போட்டுப் பார்த்தார். தாள்தான் தீர்ந்தது.

வீட்டுக் கடன் அவருடைய பொற்காலம். 25 லட்சம், 9 சதவிகிதம், 20 வருடம். தவணை 22,493 ரூபாய். முதல் மாதம் 18,750 வட்டிக்கே போக, 3,743தான் அசலில் கழிந்தது. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் “சொந்த வீடு” என்றார். கணக்குப்படி வாசற்படியில் ஒரு மூலை சொந்தம்.

அப்போதுதான் சிபில் ஸ்கோர் அறிமுகமானது. 300இலிருந்து 900 வரை போகும் அந்த அளவுகோலில் அவர் 782. சர்க்கரை அளவைக் கேட்டால் மழுப்புவார், இதைக் கேட்காமலே சொல்வார். முன்பு கடன் கொடுத்தவரைக் கண்டு இவர் சந்து மாறிப் போவார். இப்போது “ப்ரீ-அப்ரூவ்டு லோன் சார்” என்று அவர்கள் இவரைத் துரத்துகிறார்கள். ஆசையில் அப்பாவின் ஸ்கோரையும் தட்டிப் பார்த்தார். ஆயுசில் ஒரு ரூபாய் கடன் வாங்காத மனிதர். சைக்கிளிலிருந்து மனைக்கட்டு வரை எல்லாமே ரொக்கம். திரையில் மைனஸ் ஒன்று வந்தது. கடன் வரலாறே இல்லாதவருக்கு அப்படித்தானாம்.

“ஒரு மிக்ஸியாவது தவணையில வாங்கியிருக்கலாம்ல அப்பா?”

“நான் யாருக்குடா பாக்கி?” என்றார் பெரியவர், நிஜமாகவே பயந்துபோய்.

மகளுக்குக் கல்விக் கடன். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும் என்றதும் இவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு கடனா!

ஓய்வு பெற்றதும் பி.எஃப். பணத்தில் வீட்டுக் கடனை முடித்தார். ‘நோ டியூ சர்டிபிகேட்’டை லேமினேட் செய்து மாட்டினார். ஐந்தாம் தேதி காலையில் பணம் பிடித்த குறுஞ்செய்தி வராததால் போன் கெட்டுவிட்டதோ என்று கடைக்காரரிடம் காட்டினார். பூங்காவில் இளவட்டங்களை நிறுத்தி, “கடனே வாங்காதீங்கப்பா” என்று உபதேசம். அதை முடித்துவிட்டு நேராக வங்கிக்குப் போய் கார் லோன் கேட்டார். அதிகாரி 782ஐப் பார்த்து எழுந்து நிற்காத குறை. பிறகு பிறந்த தேதியைப் பார்த்தார். “பொண்ணைக் கூட்டிட்டு வாங்க சார், அவங்க பேர்ல போட்டுடலாம்.”

தவணைநாயகம் அசரவில்லை. நகைக் கடனுக்கு ஆளின் வயதா முக்கியம்? வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தார். துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மனைவி எல்லாவற்றையும் மகளிடம் கொடுத்து, போன வாரமே மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். இனி அடகு வைக்க வேண்டுமென்றால் சம்பந்தியிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.