ஃப்ரீயா இருக்கீங்களா?

போனை எடுத்ததும் ‘ஃப்ரீயா?’ என்று கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ‘ஆமாம்’ என்றால் வேலை வரும். ‘இல்லை’ என்றால் மனத்தாங்கல் வரும். என் மாமா ‘மாப்ளே, ஃப்ரீயா?’ என்றால் வீட்டில் பீரோவை நகர்த்தப் போகிறார் என்று பொருள். ‘ஏன் மாமா?’ என்பதே அதற்குப் பாதுகாப்பான பதில். ஆமாமிலும் சேராது, இல்லையிலும் சேராது. ஃப்ரீ என்றால் கட்டில்லாதவன் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். நம் குடும்பங்களிலோ ஃப்ரீயாக இருப்பவனைத்தான் முதலில் பிடித்துக் கட்டிப்போடுகிறார்கள்.

டாக்டர்கள் இந்தச் சொல்லை வயிற்றுக்குள் இறக்கிவிட்டார்கள். ‘மோஷன் ஃப்ரீயா போகுதா?’ என்று கேட்காத டாக்டர் தமிழ்நாட்டில் உண்டா? 2021 மே மாதம் முதல் இங்கே சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு, காது சற்று மந்தமான என் பெரியம்மாவிடம் ஒரு டாக்டர் இந்தக் கேள்வியைக் கேட்டார். “ஃப்ரீயாத்தான் போகுது தம்பி. ஆனா நம்ம ஸ்டாப்புல நிக்கவே மாட்டேங்குது” என்றார் பெரியம்மா. டாக்டர் வயிற்றுப்போக்குக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்.

சில ஃப்ரீக்கள் நம் சொந்தத் தயாரிப்பு. ‘ஃப்ரீ ஹேர்’ என்றால் லண்டன்காரர் முடியை எங்கே இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று கேட்பார். இங்கே அது கல்யாண வீட்டு அலங்காரம். ‘தலையை விரிச்சுப் போட்டுட்டு நிக்காதே’ என்று அம்மா அதட்டினால் ‘ஃப்ரீ ஹேர்மா’ என்று மகள் சொல்கிறாள். அதே முடி, அதே விரிப்பு, ஆனால் ஆங்கிலத்தில் சொன்னதும் அமங்கலம் போய்விடுகிறது. ஜவுளிக்கடையில் ‘ஃப்ரீ சைஸ்’ என்றொன்று உண்டு. எல்லாருக்கும் பொருந்தும் என்பார்கள். ஒல்லிக்கும் குண்டுக்கும் ஒரே அளவில் பொருந்தாது என்பதால், பாரபட்சம் இல்லை என்பது மட்டும் உண்மை.

இந்தச் சொல் முன்னே நிற்கிறதா, பின்னே நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முன்னே நின்றால் கொடுப்பார்கள். பின்னே நின்றால் எடுத்துவிடுவார்கள். ‘ஃப்ரீ சுகர்’ என்றால் சர்க்கரை சும்மா கிடைக்கும். ‘சுகர் ஃப்ரீ’ என்றால் சர்க்கரையே கிடையாது. அந்த இல்லாத சர்க்கரைக்கும் சேர்த்து பிஸ்கட்டின் விலை கூடியிருக்கும்.

நம் அரசாங்கத்துக்கே இந்தச் சொல்லில் ஒரு சங்கடம் இருந்தது. 2006 தேர்தலில் கலர் டிவியும், 2011 தேர்தலில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் வாக்குறுதியாக வந்தன. பிந்தையவை வீட்டுக்கு வந்தபோது ‘இலவசம்’ என்ற பெயர் போய் ‘விலையில்லா’ என்றாகியிருந்தது. விலை வாங்கவில்லை என்றும் கொள்ளலாம், விலைமதிக்க முடியாதது என்றும் கொள்ளலாம். கௌரவமான சொல்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு இப்படி ஒரு மாற்றுச் சொல் கிடைக்கவில்லை. 1985இல் ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ அமைப்பைத் தொடங்கியவர் அவர். யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற சுதந்திரத்தைத்தான் சொன்னார். கேட்டவர்களோ காசு வேண்டாமாம் என்று புரிந்துகொண்டார்கள். ‘ஃப்ரீ ஸ்பீச்சில் வரும் ஃப்ரீ ஐயா, ஃப்ரீ பீரில் வருவது இல்லை’ என்று அவர் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று சொல்லி ஒரே அடியில் முடித்துவிட்டார்கள். பீருக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

ஆனால் இந்த ஃப்ரீ நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். அதன் வேர் ‘நேசம்’ என்கிறார்கள் மொழியியலார். அடிமைகளாக அல்லாமல் நேசத்துக்குரிய சொந்தக்காரர்களாக வீட்டில் இருந்தவர்களே ஃப்ரீ ஆனவர்களாம். ஆங்கிலத்து ‘ஃப்ரெண்ட்’ அதே வேர். சமஸ்கிருதத்துப் ‘பிரிய’ அதே வேர். அதிலிருந்து நமக்குப் பிரியம் வந்தது. ஆக, தெருவுக்கு ஒரு பிரியா வீதம் நம்மிடம் இருக்கும் பெண்கள் எல்லாம் இந்த ஃப்ரீக்கு ஒன்றுவிட்ட சகோதரிகள். என் மாமாவின் அழைப்பையும் இனி பிரியம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அதே பிரியம் ஆந்திரப் பக்கம் போனால் குணம் மாறிவிடுகிறது. தெலுங்கில் ‘ப்ரியம்’ என்றால் அன்பு மட்டுமல்ல, விலை அதிகம் என்றும் பொருள். காய்கறி விலை ஏறினால் அங்கே பத்திரிகைகள் அதை ‘ப்ரியம்’ என்று தலைப்பிடும். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு சொற்களில் ஒன்று காசே வேண்டாம் என்கிறது, மற்றது காசைப் பிடுங்குகிறது. கடைக்காரர்கள் இந்த உறவை அறிந்தவர்கள். ‘ஒன்று வாங்கினால் ஒன்று ஃப்ரீ’ என்று பலகை வைக்கிறார்களே, அதில் கூட வருவது ஆங்கிலத்து ஃப்ரீ. நாம் வாங்குகிறோமே, அது தெலுங்குப் ப்ரியம்.