இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்கியவர்கள்

குடும்பத்தோடு கற்பிட்டிக் களப்பில் தோணி விடப் போனவர்கள் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்வதில்லை: அன்றைக்கு அந்தத் தோணியில் யாருக்கும் சந்தோஷமே இருக்கவில்லை. உச்சி வெயில், உப்புக்காற்று, யாரோ நேற்று போட்டுக் கழற்றிய ஈரமான உயிர்காப்பு அங்கி. துடுப்பு இருவர் கையில், ஆலோசனை ஐந்து பேர் வாயில். முன்னால் இருக்கும் மச்சான் வலது பக்கம் வலிக்க, பின்னால் இருக்கும் சாச்சா அதைத் திருத்துவதற்காகத் தானும் வலது பக்கமே வலிக்க, தோணி பம்பரமாகச் சுற்றும். கரையிலிருந்து மாமி, “போதும், சோறு ஆறுது, வாங்கோ!” என்று கூப்பிடுவார். ஆனால் ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அதே கூட்டம் பாயில் உட்கார்ந்து இதையே சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரிக்கும். ஆகவே என் கட்சி இது: உல்லாசப் பயணத்தன்று நடப்பது வெறும் கொள்முதல். வியாபாரம் பிறகுதான். அதிலும் சேதப்பட்ட சரக்குக்குத்தான் கிராக்கி.

இதற்கு அதே களப்பின் கரையிலுள்ள புத்தளத்திலேயே பழைய சாட்சி உண்டு. 1344இல் மாலைதீவிலிருந்து தமிழகக் கரையான மஃபருக்குப் புறப்பட்ட மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, மூன்று நாள் பயணத்துக்கு ஒன்பது நாள் அலைந்து, காற்று தள்ளிய திசையில் இலங்கையில் வந்து இறங்கினார். போக நினைத்த இடம் வேறு, வந்து சேர்ந்த இடம் வேறு. எந்தக் குடும்பச் சுற்றுலாவுக்கும் இதைவிட உத்தமமான ஆரம்பம் கிடையாது. புத்தளத்தில் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்து, முத்துக்கள் கொடுத்து, பாவா ஆதம் மலைக்கு அனுப்பிவைத்தார். கூடப் போனவர்கள் நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், மன்னரின் ஆட்கள் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் தூக்க மட்டும் 15 பேர். இந்தக் கணக்கைப் படிக்கும்போது நம் வீட்டு வேனின் பின்பக்கம் ஞாபகம் வராதவர்கள் இருக்க முடியாது. வழியில் அட்டைக்கடி. அதற்கு மருந்தாகத் தேசிக்காய் பிழிந்ததையும் மனிதர் விடாமல் சொல்கிறார். பிறகு புத்தளத்திலிருந்து மஃபருக்குப் போகும்போது கப்பல் முழுக நேர்ந்த கதையில் மாலுமிக்கு அனுபவம் போதாது என்று குறை வேறு. இத்தனையையும் ஊர் திரும்பி, 1355 அளவில், இன்னொருவர் எழுத எழுதச் சொன்னார். மூன்றாம் நாளே நேரே மஃபரில் இறங்கியிருந்தால் புத்தளத்துக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரி கிடைத்திருக்குமா?

அப்படியானால் ஞாபகம் என்பது பொய் வளர்ப்பதா என்று கேட்பார்கள். மன்னரிடம் உள்ளங்கை அகல மாணிக்கக் கிண்ணம் இருந்ததாகவும் அதே இப்னு பதூதாதான் சொல்கிறார். அதை இனி யாரும் அளக்க முடியாது. ஆனால் குடும்பக் கதை அப்படித் தப்பிவிடாது, கூடவே சாட்சிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். “தோணி கவிழ்ந்து நான் தாண்டே போனேன்” என்று நானா தொடங்கினால், “எழும்பி நின்றீர், தண்ணி இடுப்புக்கு நின்றது” என்று ஒருவர் உடனே வெட்டுவார். களப்பு பல இடங்களில் அவ்வளவுதான் ஆழம், அவர் சொல்வதும் சரி. ஆனாலும் நானாவின் பயம் முழு ஆழப் பயம்தான், அந்த அளவில் அவர் சொல்வதும் சரி. கைப்பேசிப் படம் இருக்கும்போது பேச்சு எதற்கு என்பவர்களுக்கும் இதுவே பதில்: படத்தில் எல்லாரும் பல்லைக் காட்டுகிறார்கள், கவிழ்ந்த கணத்தில் படமெடுக்க யாருக்கும் கை சும்மா இருக்கவில்லை.

ஒரே ஓர் ஆட்சேபத்துக்கு மட்டும் நான் பாதி தலை குனிகிறேன். விடியுமுன் கடலுக்குப் போய் வலை இழுத்துத் திரும்பும் மீனவருக்கு, காசு கொடுத்துத் துடுப்பு வலிப்பவர்களைப் பார்த்தால் என்ன தோன்றும்? சிரிப்புத்தான் வரும், வரட்டும். ஆனால் கரையேறிய பிறகு வாடியில் அவர் பேசுவதும் தப்பிய மீனையும் பழுதான எஞ்சினையும் பற்றித்தான். நிறைந்த வலை வந்த நாளை ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவார்.

போகிறவர்களுக்கு ஒரு சொல். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெளிக்கடல் அடங்கியிருக்கும், டொல்பினும் தெரியும். மே பிறந்தால் காற்று ஏறிவிடும். அங்கியை இறுக்கிக் கட்டுங்கள், இடுப்பளவுத் தண்ணீரானாலும். குமட்டலுக்குத் தேசிக்காய் எடுத்துக்கொள்ளுங்கள். சோற்றுப் பார்சலை மட்டும் கொஞ்சம் குறையுங்கள். தூக்கிவர 15 பேரை அனுப்ப இப்போது புத்தளத்தில் மன்னர் இல்லை.