அடங்கலில் விளைந்த பாலைவனம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏ.சி. வேன் வந்து நின்றது. ஏறியதும் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு நோட்டீசும் கொடுத்தார்கள். மதியம் பிரியாணி, அன்றைக்கே முன்பணம் கட்டுவோருக்குத் தங்கக் காசு என்று அதில் போட்டிருந்தது. அதற்கு மேலே கொட்டை எழுத்தில்: "பாலைவனச் சோலை துபாயில் மட்டுமா? இதோ, உங்கள் ஆயக்குடியில்!"

எங்கள் ஊரில் சோலை உண்டு. பாலைவனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் விளங்கவில்லை. பால்பல் விழுந்த நாளிலிருந்து கொய்யா கடித்து வளர்ந்தவன் நான். போய்ப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

வேன் திண்டுக்கல் சாலையில் கொஞ்ச தூரம் ஓடி, மண் பாதையில் திரும்பி நின்றது. இறங்கினேன். நோட்டீஸ் பொய் சொல்லவில்லை. பாலைவனம் இருந்தது.

செம்மண் நெடுக வெள்ளையடித்த எல்லைக்கற்கள். மூலைக்கு மூலை கலர் கொடி. ஓரத்தில் பாதி எரிந்த வேர்க்கட்டைகளின் குவியல். முகப்பில் ஒரு ஆர்ச், அதன் இருபுறமும் சிமெண்ட் மயில். பேகன் போர்வை கொடுத்த மயிலின் வம்சம் இந்தத் தோப்புகளில்தான் மேய்ந்துகொண்டிருந்தது. அதை விரட்டிவிட்டு, சிலை எடுத்து மரியாதை செய்திருந்தார்கள்.

விற்பனைத் தம்பி டை கட்டியிருந்தார். "மேட்டுல நின்னு பாருங்க சார், பழனி மலை தெரியும். எந்திரிச்சதும் முருகன் தரிசனம்."

"தண்ணி எப்படி தம்பி?"

"போர் போட்டா தண்ணி சார். இது என்ன ஏரியா? கொய்யாத் தோப்பு. தண்ணி இல்லாமலா தோப்பு இருந்துச்சு?"

அந்த 'இருந்துச்சு' என்ற ஒரு சொல்லில் திட்டம் மொத்தமும் அடங்கிவிட்டது. தோப்பை அழித்துவிட்டு, அழிந்த தோப்பையே தண்ணீருக்குச் சாட்சி கூப்பிடுகிறார்கள். செத்தவர் கையெழுத்தில் பத்திரம் முடிக்கிற ஊருக்கு இது ஒன்றும் புதிதில்லை.

ஏக்கருக்கு 43,560 சதுர அடி. இருபதடிக்கு ஒன்றாக நட்டால் 108 கொய்யா மரம் நிற்கும். சாமிக்கு அர்ச்சனை சொல்கிற கணக்கு. இங்கே ஒவ்வொரு நாமத்துக்கும் ஒரு மரத்தைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கியிருக்கிறார்கள். ஊரின் நிலத்தடி நீர் மயங்கி விழும் நாளில் கூப்பிடுவதற்கும் நம்மிடம் அதே எண்தான் இருக்கிறது.

உலகத்தில் பாலைவனத்தில் ஊர் கட்டுகிறவர்கள் இல்லாமலில்லை. சவூதி அரேபியா 2017-இல் நியோம் என்றது, 50,000 கோடி டாலர் என்றது. 2021-இல் அதற்குள் 'தி லைன்' என்று ஒரு நகரத்தை அறிவித்தது. 170 கிலோமீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம், 500 மீட்டர் உயரம். நம் கணக்கில், பழனியில் தொடங்கினால் திருச்சியையும் தாண்டி இரண்டு கண்ணாடிச் சுவர். நடுவில் 90 லட்சம் பேர். அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்த ஹுவைதாத் மக்களைக் காலி பண்ணச் சொன்னார்கள். மாட்டேன் என்று வீடியோ போட்ட அப்துல் ரஹீம் அல் ஹுவைதி 2020 ஏப்ரலில் பாதுகாப்புப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2030-க்குள் எழும்பப்போவது 170 கிலோமீட்டரில் வெறும் 2.4 கிலோமீட்டர்தான் என்று 2024-இல் செய்தி வந்தது. இளவரசரின் திட்டமே இப்படிச் சுருங்குகிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பாலைவனம் இயற்கையாகக் கிடைத்தது. நம் ஆட்கள் அதையும் சொந்த முயற்சியில் உண்டாக்குகிறார்கள்.

அமெரிக்காவின் அரிசோனாவும் பாலைதான். அங்கே 1980-இல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. பீனிக்ஸ் நகரைச் சுற்றி மனை பிரித்து விற்க வேண்டுமென்றால், 100 ஆண்டுக்குத் தண்ணீர் இருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டும். 2023 ஜூனில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், தண்ணீர் உதைத்தது. நிலத்தடி நீரை மட்டும் நம்பி வரும் புதிய மனைப்பிரிவுகளுக்கு அனுமதி கிடையாது என்று மாநில அரசே கதவைச் சாத்தியது. பாலைவனத்துக்காரன் நூறு வருடத்துக்கு முன்யோசனை செய்கிறான். நம் தம்பியிடம் அடுத்த சித்திரைக்குத் தண்ணீர் இருக்குமா என்று கேட்டேன். "பிரியாணி ஆறிடும், வாங்க சார்" என்றார்.

தமிழனுக்கு நிலத்தில் பாலை கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்றுதான் இளங்கோவடிகள் சொன்னார். கெடுப்பது வெயில் என்று அவர் நினைத்தார், பாவம். அவர் கிராமக் கணக்கு பார்த்ததில்லை.

பாலை செய்யும் முறை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். நல்ல காய்ப்பில் உள்ள தோப்பாக ஒன்று எடுத்துக்கொள்ளவும். உரிமையாளர் கடனில் நன்றாக ஊறியிருப்பது அவசியம். பம்புசெட்டை நிறுத்தி இரண்டு கோடை காயவிடவும். இலை சுருண்டதும் அடங்கல் என்ற கிராமக் கணக்கில் 'கொய்யா' என்றிருந்த இடத்தில் 'தரிசு' என்று வரும்படி பார்த்துக்கொள்ளவும். பக்கத்துச் சாகுபடிக்குப் பாதகமில்லை என்று ஒரு தாள், தடையில்லை என்று ஒரு தாள், மேலே தூவக் கொஞ்சம் நோட்டு. சூடு ஆறுவதற்குள் கல் நட்டுப் பரிமாறவும். பயிர் நின்ற நிலத்தை மனையாக்கக் கேள்வி வரும். தரிசை மனையாக்கினால் அதற்குப் பெயர் வளர்ச்சி.

தோப்புக்காரரைத் திட்டி முடித்துவிடலாம். அது சுலபம், ஆனால் அநியாயம். காய்ப்பு அமோகமாக இருக்கும் மாதத்தில் ஆயக்குடி சந்தைக்கு வந்து பாருங்கள். விடியலில் பறித்து, பெட்டி கட்டி, வண்டி வாடகை கொடுத்து இறக்கிய பழத்துக்குப் பறிகூலிகூடத் தேறாத நாள் உண்டு. கொய்யா அதிக நாள் தாங்காது. ஒரு குளிர்பதனக் கிடங்கு, ஒரு சாறு தொழிற்சாலை என்று இந்த ஊர் கேட்டுக்கொண்டே இருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் வேட்பாளர் பிரச்சார வேனில் நின்றபடி எங்கள் கொய்யாவைக் கடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வார். 'ஜூஸ் ஃபேக்டரி' என்பார். அந்த ஆலைக்கு அவர் வாயிலேயே அடிக்கல் நட்டு, அங்கேயே திறப்பு விழாவும் நடத்திவிடுவார்கள். பழத்துக்கு விலையில்லை, மண்ணுக்கு விலை உண்டு என்று இத்தனை காலம் விவசாயிக்குப் பாடம் நடத்திவிட்டு, அவர் பரீட்சையில் தேறியதும் 'விவசாயம் அழிகிறதே' என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

சட்டம் இல்லையா? ஏராளமாக இருக்கிறது. நகர் ஊரமைப்புச் சட்டம் எழுபதுகளிலேயே வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டே மாநிலம் முழுவதும் அனுமதியில்லாத மனைகள் முளைத்தன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டது. 2017-இல் அரசு வரன்முறை விதி கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரித்த மனையா, பணம் கட்டு, பாவம் போச்சு. அதற்கும் கெடு வைத்து, கெடுவை நீட்டி, நீட்டியதை மறுபடி நீட்டினார்கள். மற்ற நாட்டில் முதலில் திட்டம், பிறகு ஊர். நம்மிடம் முதலில் மனை, பிறகு வீடு, பிறகு அபராதம், கடைசியில் திட்டம். பிள்ளை காலேஜ் முடித்த பிறகு பெற்றோருக்கு நிச்சயதார்த்தம்.

பெரிய திட்டங்களுக்குப் பெரிய வசதி. 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நில ஒருங்கிணைப்புச் சட்டம் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டமென்றால், நடுவில் கிடக்கும் குளம், ஓடை, வாய்க்காலையும் சேர்த்து ஒருங்கிணைக்க அதில் வழி உண்டு. குழு அமைக்க வேண்டும், கொள்ளளவு குறையக் கூடாது என்றெல்லாம் நிபந்தனையும் உண்டு. குளத்தை இடம் மாற்ற உத்தரவு போடலாம், சரி. மலையிலிருந்து பழகிய பள்ளத்தில் இறங்கி வருகிற வெள்ளத்துக்கு அந்த உத்தரவை யார் கொண்டுபோய்ச் சார்வு செய்வது? வரதமாநதி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுமா?

மனைப்பிரிவில் பூங்காவும் இருந்தது. விதிப்படி விட்ட திறந்தவெளி. ஒரு சறுக்குமரம், ஒரு ஊஞ்சல், 'மரம் வளர்ப்போம் மழை பெறுவோம்' என்று ஒரு பலகை. பலகையை நிறுத்த அங்கே மரம் இல்லாததால் இரும்புக் குழாயில் வெல்டு வைத்திருந்தார்கள்.

பிரியாணியைச் சாப்பிட்டேனா என்று கேட்காதீர்கள். சாப்பிட்டேன். எனக்கும் வெட்கம் குறைவுதான். கை கழுவும்போதுதான் அந்தக் கிணறு கண்ணில் பட்டது. மேலே சிமெண்ட் பலகை போட்டு மூடி, அதன்மேல் ஜெனரேட்டரை வைத்திருந்தார்கள். கைப்பிடிச் சுவரில் ஒரு மூலை உடைந்திருந்தது. சிறு வயதில் என் சித்தி மகன் குதிக்கும்போது பெயர்ந்த கல். அது சித்தப்பாவின் தோப்பு. வேன் வேறு பாதையில் வந்ததாலும், வழிகாட்ட ஒரு மரமும் மிச்சமில்லாததாலும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

சித்தி மகன் பன்னிரண்டு வருடமாக ரியாத்தில் சென்ட்ரிங் வேலை பார்க்கிறான். ஐம்பது டிகிரியை நெருங்கும் வெயிலில் யாரோ குடியிருக்கப்போகும் மாடிக்குப் பலகை அடித்து, கம்பி கட்டி, காசு சேர்த்தவன். சாயங்காலம் அவனே போன் செய்தான்.

"அண்ணே, நோட்டீஸ் வாட்சப்ல வந்துச்சுண்ணே. தரகர்கிட்டப் பேசி அட்வான்ஸ் போட்டுட்டேன். ரெண்டே முக்கா சென்ட். மலை தெரியுமாம்ல?"

"தெரியும்ப்பா. இப்ப எல்லாமே தெரியும். மறைக்க எதுவும் இல்ல."

அந்த ரெண்டே முக்கால் சென்டுக்கு அவன் கொடுக்கப்போகும் விலையில், அவன் அப்பா விற்றபோது ஏக்கர் கணக்கில் வாங்கியிருக்கலாம். பாலைவனத்தில் ஊர் கட்டிச் சம்பாதித்து, ஊரில் பாலைவனம் வாங்கியிருக்கிறான். எந்த இடம் என்று நான் சொல்லவில்லை. பத்திரத்தில் சர்வே நம்பரைப் பார்க்கும்போது அவனே தெரிந்துகொள்வான்.

"அண்ணே, வாசல்ல ஒரு கொய்யாக் கன்னு வைக்கணும்ண்ணே. நம்ம தோப்புல இருந்த மாதிரி. தண்ணிக்கு என்ன பண்றாங்க அங்க?"

தெரிந்ததைச் சொன்னேன். போர் போட்டவர்களுக்கு இதுவரை புகைதான் வந்திருக்கிறது. வாரம் இரண்டு நாள் லாரி வருகிறது. அந்தத் தண்ணீர் மேற்கே ஒரு கிணற்றிலிருந்து எடுப்பது. அங்கே இன்னும் ஒரு கொய்யாத் தோப்பு நிற்கிறது. பாய்ச்சுவதைவிட விற்பது லாபம் என்பதால், போன மாதம்தான் அதன் பாத்திக்குத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள்.