சேறு மட்டும் தெளிவு

பறவைகளைப் பற்றி எனக்கு இருக்கும் அறிவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து சேர்த்தது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அது செல்லாக்காசு.

பாண்டிச்சேரி உப்பளத்துக்காரன் உப்புக்கொத்தியைப் பார்க்காமல் இருக்கலாமா என்ற ரோஷத்தில்தான் வினை தொடங்கியது. பெரிய மணல் உப்புக்கொத்தியை 1826இல் லெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியபோது, அது கிடைத்த இடமாகக் குறித்தது நம் பாண்டிச்சேரியை. சூட்டிய பெயரோ 1816இல் இங்கே வந்திறங்கிய தாவரவியலாளர் லெஷனோலுடையது. மத்திய ஆசியாவில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு நம் கடலோரம் வரும் பறவை. கௌதாரியின் அறிவியல் பெயரில்கூடப் பாண்டிச்சேரி இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பறவை எதிரே வந்து நின்றால்தான் தெரியாது.

மார்கழியில் விடிவதற்கு முன்பே மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு தேங்காய்த்திட்டுக் கழிமுகத்துக்குக் கிளம்பிவிடுவேன். பறவை பார்க்க விடியற்காலையே உகந்தது என்று எங்கோ படித்திருந்தேன். போனபோதெல்லாம் கண்டல் மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. நீர்க்காகம் ஒன்று என்னைச் சட்டையே செய்யாமல் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். இந்த வருஷம் வலசையே சரியில்லை, எல்லாம் பருவநிலை மாற்றம் என்று வீட்டில் வந்து விளக்கம் வேறு.

வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார், "இன்னா சார் தேடுறீங்க?" சொன்னேன், லெஷனோல் உட்பட. முழுசாகக் கேட்டுவிட்டு, "உள்ளான் மாதிரிதானே? தண்ணி வத்தட்டும் சார். சேறு தெரிஞ்சாதான் மேய வரும்" என்றார்.

புழுவும் நண்டும் சேற்றில் இருக்கின்றன. சேறு தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. கடலின் ஏற்றமும் வற்றமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அந்தப் பறவை நிலாவைப் பார்த்துச் சாப்பிடப் போகிறது, நான் அலாரம் வைத்துப் போயிருக்கிறேன்.

2015 முதல் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டதை எண்ணி இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். காணும் பொங்கலன்று அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு வற்ற நேரம் பார்த்துப் போனேன். சேறு விரிந்து கிடந்தது. "மாமா, அங்க!" என்றாள். மண்நிறத்தில் ஒரு கூட்டம் ஓடுவதும் நிற்பதும் கொத்துவதுமாக இருந்தது.

அவளை என் பக்கம் திருப்பினேன். மணல் உப்புக்கொத்தியில் பெரியது உண்டு, சிறியது உண்டு. இனப்பெருக்க காலத்துச் செம்பழுப்பு மார்பு குளிர்காலத்தில் வெளுத்துவிடும். அப்புறம் அலகின் நீளம், காலின் நீளம்தான் கதி, அதில் தேர்ந்தவர்களே சண்டை போடுவார்கள் என்று விரலை அலகாக்கிக் காட்டி விளக்கினேன். லெஷனோல் வரைக்கும் வந்துவிட்டேன். "போயிடுச்சு மாமா" என்றாள்.

இருந்தாலும் பட்டியலில் 'பெரியது' என்று துணிந்து ஏற்றினேன். சரிபார்ப்பவர் படம் இருக்கிறதா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார். இருந்தது. சேறு அதில் நன்றாக விழுந்திருந்தது, மருமகளின் முழங்கையும். 'பெரியதோ சிறியதோ' என்று பதிய என்னைப் போன்றவர்களுக்காகவே அங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அதற்கு மாற்றினேன். நான் எண்ணிய காக்கைகளைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.