குமிழிக்கு என்ன வேலை?

கே: புதிதாக வாங்கிய கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலிங் போட்டேன். குழாயில் காற்றுக் குமிழி, ராத்திரியெல்லாம் ‘களுக் களுக்’. ஏன்?
– வாசகர், ஸ்ரீரங்கம்

ப: தண்ணீர் ஊற்றும்போது மூலை முடுக்கில் ஒளிந்துகொண்ட காற்று. நீர் சூடேறினால், கரைந்திருந்த காற்றும் வெளியே வந்து கோஷ்டியில் சேரும். சூட்டைச் சுமக்காது, சத்தம் மட்டும் போடும். பம்பில் புகுந்தால் ஓட்டமே தடைபடும். தொட்டியை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். பம்பை ஓடவிட்டுப் பெட்டியை லேசாக இப்படியும் அப்படியும் சாயுங்கள். குமிழி தொட்டிக்கு ஏறிவிடும். உங்கள் ஊர்ப் பெருமாள் அளவுக்குப் படுக்க வைக்க வேண்டாம். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும், காவிரி காபிக்கு. திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் தொடங்கிவைத்த 838 டெராஃபிளாப் ‘பரம் பொருள்’ சூப்பர் கம்ப்யூட்டருக்கும் திரவக் குளிரூட்டல்தான். அதைச் சாய்த்துப் பார்க்க மட்டும் விடமாட்டார்கள்!