பந்தி விசாரணை

விருந்தளிப்பவன் ஒழுக வேண்டிய முறையைத் திருவள்ளுவர் அறத்துப்பாலில் 9-ஆம் அதிகாரமாக வைத்தார். விருந்துண்பவனுக்கென்று தனி அதிகாரம் வகுக்காமல், முன்பு உண்டது செரித்த பிறகே அடுத்ததை அளவறிந்து உண்க என்ற உபதேசத்தைப் பொருட்பாலில், 95-ஆம் அதிகாரமாகிய 'மருந்'தில் கொண்டுபோய் வைத்திருப்பதைக் காணும்போது, அந்த மகான் நம்முடைய கல்யாணப் பந்தி ஒன்றில் உட்கார்ந்து எழுந்த அனுபவத்தின் பேரிலேயே இந்த ஏற்பாட்டைச் செய்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும், உண்டபின் இலையைத் தம் பக்கமாக மடிக்க வேண்டும், பக்கத்துப் பெரியவர் முடிக்குமுன் எழுந்திருக்கலாகாது என்பவையெல்லாம் குழந்தைகளும் அறிந்த விதிகள். விஸ்தரிக்க வேண்டியது உபசாரம் என்கிற யுத்தத்தைப் பற்றித்தான்.

சாம்பார் சாதம் வரையில் இரு தரப்பும் சமாதானமாகவே இருக்கும். ஜாங்கிரித் தட்டு தலைகாட்டியதும் விருந்தாளி 'போதும்' என்று வாயால் சொல்வார். அதை யாரும் செவியில் ஏற்பதில்லை. கையை உயர்த்துவார், சங்கோஜம் என்று அர்த்தம் பண்ணப்படும். இரு கைகளாலும் இலையை மறைத்துக் கவிழ்ந்து குனிவாரானால், ஜாங்கிரி புறங்கையின்மேல் வந்து அமரும். பாயசம் விரலிடுக்கின் வழியே இறங்கும். அந்தச் சமயம் பார்த்துப் பெண்ணின் தகப்பனார், அங்கவஸ்திரத்தால் நெற்றியைத் துடைத்தபடி பந்தி விசாரிக்க வந்து, "என்ன மாமா, இலையில் வைத்தது வைத்தபடி இருக்கிறதே! சமையல் பிடிக்கவில்லையோ?" என்று மனம் நொந்து கேட்பார். காலியாகும் இடத்தையெல்லாம் அவருடைய ஆட்களே உடனுக்குடன் நிரப்பிவிடுகிறார்கள் என்ற உண்மையை எடுத்துரைக்க மாமாவுக்கு வாய் ஒழிந்திருந்தாலல்லவா?

இதனினும் பரிதாபம் ஒன்று உண்டு. என் சிற்றப்பா ஒருவர் மரியாதையை உத்தேசித்து ஒரே ஒரு முறை 'போதும்' என்றதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, போளித் தட்டோடு அடுத்த இலைக்குப் போய்விட்ட ஓர் இளைஞனை ஆயுள் பரியந்தம் மன்னிக்கவில்லை. மறுப்பது விருந்தாளியின் தர்மம், மறுப்பை மதியாதிருப்பது பரிமாறுகிறவனின் தர்மம் என்பது அவருடைய சித்தாந்தம்; பாயசம் விஷயத்தில் மட்டும் நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால், மேஜையும் நாற்காலியும் கல்யாண மண்டபங்களுக்குள் புகுந்த பிறகு, நம் சாஸ்திரங்கள் எதிர்பாராத ஓர் ஆபத்து முளைத்திருக்கிறது. தரையில் பாய் விரித்து உண்ட காலத்தில் முதுகுக்குப் பின்னால் எவரும் இடம் பிடித்ததில்லை. இப்போதோ ரசத்துக்குக் குழி பறிக்கும் முன்னரே அடுத்த பந்திக்காரர் குடும்ப சமேதராய் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு, நாம் விழுங்கும் ஒவ்வொரு கவளத்தையும் கண்ணால் கணக்கெடுக்கிறார். அத்தகைய அன்பர்களுக்கு அடியேனின் விண்ணப்பம்: நாற்காலி உங்களுடையதே, சந்தேகம் வேண்டாம், மோர் சாதம் முடியும் வரையிலாவது தயவுசெய்து இரண்டடி தள்ளி நில்லுங்கள்.