பேர் வெளியே வராமல் கலைஞர் ஆவது எப்படி?

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற சாலையில், பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி எங்கள் திருப்புட்குழி. புள் என்றால் பறவை. சீதைக்காக ராவணனை மறித்துச் சிறகிழந்த ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்தது இங்கேதான் என்பார்கள். ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போன பறவைக்கு ஊரிலும் பேர், குளத்திலும் பேர். ஊர்ப் பெண்கள் வரைந்ததில் மட்டும் யார் பேரும் கிடையாது. இந்தத் திறமை தானாக வராது, பழக வேண்டும். பழகினவள் என்ற முறையில் சொல்லித்தருகிறேன், கட்டணம் வேண்டாம்.

வரைவதென்று முடிவு செய்தால் தாளில் வரையாதீர்கள். தாளை யாராவது எடுத்துப் பத்திரப்படுத்திவிடும் அபாயம் உண்டு. வாசல்தான் பாதுகாப்பு. 15 புள்ளி, இடுக்குப் புள்ளியாக 8 வரை வைத்து, சிக்குக் கோலத்தின் கம்பியை எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து சேருங்கள். பால்காரர் வண்டி ஏறி, எறும்பு மாவைத் தின்று, ஒன்பது மணிக்குள் தடயம் மறைந்துவிடும். எச்சரிக்கை: படித்தவர்கள் கண்ணில் பட்டுவிடாதீர்கள். தாம்பரம் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-ல் கோலத்துக்குக் கணினி இலக்கணமே எழுதி ஆய்விதழில் வெளியிட்டுவிட்டார்கள். மூவரில் இருவர் பெண்கள் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் இலக்கணம் எழுதினவருக்குப் பேர் உண்டு. போட்டவள் இன்றும் ‘மூணாவது வீட்டு மருமக’.

புகைப்படமா? மிகச் சுலபம். வீட்டு விசேஷத்தில் போனை நீங்களே வைத்துக்கொண்டு எல்லாரையும் எடுங்கள். ஒரு படத்திலும் நீங்கள் இருக்க மாட்டீர்கள். சாயங்காலம் அதெல்லாம் உங்கள் மச்சான் ஸ்டேட்டஸில் ஓடும். அவருக்குத்தான் ‘சூப்பர் கிளிக் ப்ரோ’ வரும். மனசு சுருங்கினால் ஹோமாய் வியாரவாலாவை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். அவர் எடுத்த படங்கள் ஆரம்பத்தில் கணவர் பேரில்தான் அச்சாயின. பிறகு ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார்: டால்டா 13. பிறந்தது 1913, கணவரைச் சந்தித்தது 13 வயதில், முதல் கார் எண் டி.எல்.டி. 13. வனஸ்பதி டப்பாவின் பேரில் நேருவைப் படமெடுத்த கை அது. பத்ம விபூஷண் 2011-ல் கிடைத்தது, அப்போது அவருக்கு 97. ஆக, அவசரப்படாதீர்கள்.

பின்பற்றக் கூடாத ஆளும் ஒருத்தர் உண்டு: பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா. புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை, ரவிவர்மாவின் லட்சுமி தொடங்கிப் பல வேஷங்களில் தாமே நின்று தம்மையே படமாக்கிக்கொண்டார். இப்படி முகத்தைக் காட்டினால் பேர் வராமல் என்ன செய்யும்?

நஸ்ரீன் மொகமதியைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். பரோடாவில் ஓவியம் கற்றுக்கொடுத்தவர். மயிரிழைக் கோடுகளாக வரைந்தார். பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பும் தேதியும் கிடையாது. எடுத்த புகைப்படங்களை உயிரோடிருந்தவரை கண்காட்சிக்கு வைக்கவே இல்லை. நம் கட்சி என்று தோன்றும். ஆனால் அவர் வேண்டாமென்று விட்டவர், நம்மை யாரும் கேட்கவே இல்லை. 1990-ல் இறந்தார். 2016-ல் நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் புதுக் கிளை திறந்தபோது முதல் கண்காட்சிகளில் ஒன்று அவருடையது.

இனி என் தொழில்: ஆரி ஒர்க் டிசைன். பட்டுப்புடவையோடு வரும் ஜாக்கெட் துணிக்குக் கழுத்தும் கையும் வரைவேன். டிரேசிங் ஷீட்டில் மயிலை வரைந்து, கோடு நெடுக ஊசியால் குத்திக்கொண்டே போக வேண்டும். ஒரு மயிலுக்கே ஒரு மத்தியானம் போய்விடும், கட்டைவிரல் மரத்துப்போகும். மண்ணெண்ணெயில் பவுடரைக் குழைத்துப் பஞ்சில் தொட்டு, ஷீட்டின் மேல் ஒரே சீராகத் துடைத்தால் துணியில் வெள்ளைப் புள்ளியாக மயில் இறங்கும். பஞ்சில் ஈரம் கொஞ்சம் கூடினாலும் மயில் ஊதிக் கோழியாகிவிடும். இவ்வளவும் முடிந்ததும் ஷீட்டைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். இதுதான் முக்கியமான கட்டம். அவர் அதை ஐம்பது ஜாக்கெட்டுக்குத் துடைப்பார், ‘எங்க டிசைன்’ என்று கண்ணாடி அலமாரியில் மாட்டுவார். உங்களுக்கு ஒரு ஷீட்டுக்கான கூலி உண்டு.

எங்கள் மாவட்டத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்திலேயே ஓலையில் பேரெழுதிக் குடத்தில் போட்டுத்தான் ஊர்ச்சபைக்கு ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். சொந்த நிலமும் வீடும் உள்ளவர், வயது 35-க்கு மேல் 70-க்குள், என்றெல்லாம் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளில் எனக்கும் பேரெழுத ஆசை வந்துவிட்டது. ஒரு கல்யாண ஜாக்கெட்டின் லைனிங்கில், கழுத்துக்குக் கீழே யாருக்கும் தெரியாத இடத்தில், என் பேரின் முதலெழுத்தைத் தங்க நூலில் போட்டேன்.

போன வாரம் அந்த ஜாக்கெட்டுக்கார அக்கா வந்திருந்தார். “உள்ள ஏதோ நூல் பிசிறு இருந்துச்சும்மா, நானே வெட்டிட்டேன்” என்றார்.